நகலுக்கும் ஒரு சீட்டு

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். சினிமா ப்ராப்புகள், அதாவது படப்பிடிப்புப் பொருட்கள், சேர்க்கும் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிறு நூலக அறை ஒன்றில் கூடுகிறோம். போன மாதம் ஒரு பையன் புதிதாக வந்தான். ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் நாயகன் லூக் வைத்திருக்கும் லைட்சேபர் என்ற ஒளிவாளின் கைப்பிடியைக் கொண்டுவந்தான். படப்பிடிப்பில் பயன்பட்டதே என்று சான்றிதழோடு 900 பவுண்டுக்கு வாங்கியிருக்கிறான். மூத்த உறுப்பினர் ஒருவர் கையில் வாங்கியதுமே ‘பொம்மை’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். புதியவர்கள் இப்படித்தான் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம், விதிமுறை என்று ஏதாவது வைக்கலாமா? நகல்களே கூடாது, அசல் மட்டும்தான் என்று சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் வராதில்லையா? கண்ணாடி அலமாரிக்கு எந்த விளக்கு நல்லது என்பதையும் சொல்லுங்கள்.

வி.

அன்புள்ள வி.,

விளக்கை முதலில் முடித்துவிடுகிறேன். எல்.இ.டி. போதும். துணி, காகிதம் உள்ள தட்டில் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் போகவேண்டாம். ஜன்னல் வெயில் ஆகவே ஆகாது. கட்டணம் வேண்டாம். அறை வாடகைக்குக் காசு தேவையென்றால் மேசை ஓரத்தில் ஒரு டப்பா வையுங்கள்.

‘நான் சிரிக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பேசவும் இல்லையே. அந்தப் பையனுக்கு அறையில் இருந்த அத்தனை பேரும் ஒன்றுதான். சிரித்தவர் யார், சிரிக்காதவர் யார் என்று எண்ணிக்கொண்டா அவன் வெளியே போயிருப்பான்? நீங்கள் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றிருக்கவேண்டும். இது கோபத்தில் சொல்வதுதான், ஆனால் உங்களுக்கு அது உறுத்தியிருக்கிறது, அதனால்தான் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். உறுத்தல் உள்ளவரிடம்தானே எதையும் சொல்லமுடியும்.

‘அசல் மட்டும்’ என்ற யோசனையை மட்டும் விடமாட்டேன். சில காலமாக இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த லைட்சேபரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரிகைக் கேமராக்களில் ஃப்ளாஷ் விளக்கைத் தாங்கும் குழல் ஒன்று இருந்தது. கிராஃப்ளெக்ஸ் கம்பெனியின் தயாரிப்பு, உள்ளே மூன்று பேட்டரி போகும். படத்தின் செட் அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன் அந்தக் குழலில் ‘டி’ வடிவப் பிளாஸ்டிக் பட்டைகளைச் சூப்பர் க்ளூவால் ஒட்டினார். நடுவிலிருக்கும் கவ்வியில் கால்குலேட்டர் ஒன்றில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப் பட்டையைச் செருகினார். உங்கள் மூத்தவர் ‘அசல்’ என்று கும்பிடுவது இதைத்தான். அதிலும் ஒரே பொருளுக்கு நெருக்கக் காட்சிக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, கீழே விழுந்தாலும் உடையாத ரப்பரில் ஒன்று என்று பல பிரதிகள் செய்வது சினிமாவின் வழக்கம். இதில் எது அசல் என்று வாசலில் நின்று யார் தீர்ப்புச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. 1982இல் வந்த ப்ளேட் ரன்னர் படத்தின் துப்பாக்கியை ஸ்டெயர் மான்லிகர் துப்பாக்கி ஒன்றின் பாகத்தையும் சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் ரிவால்வரையும் சேர்த்துச் செய்திருந்தார்கள். ரசிகர்கள் படத்தைச் சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பார்த்து வருடக்கணக்கில் அதற்கு நகல் செய்தார்கள். 2006இல் அசல் பொதுவெளிக்கு வந்தது, 2009இல் 2,70,000 டாலருக்கு ஏலம் போனது. அது வெளியே வந்தபோது எந்தத் திருகு எங்கே இருக்கவேண்டும் என்று தெரிந்த கண்கள் யாருடையவை? நகல் செய்து செய்து பழகிய கண்கள்தான். நகலை வாசலில் நிறுத்தினால் அந்தக் கண்களையும் சேர்த்துத்தான் நிறுத்துவீர்கள்.

ஆகவே நகல் குற்றமில்லை. பெயர் சொல்லாத நகல்தான் குற்றம். இன்று ஒருவர் ஆசையாகச் செய்த நகல், அவர் காலத்துக்குப் பிறகு பெட்டியோடு விலைபோகும். அடுத்த கைக்கு அது என்னவென்று தெரியாது. மூன்றாவது கையில் அதற்கு ஒரு சான்றிதழ் முளைத்துவிடும். அந்தப் பையன் ஏமாந்தது இப்படிப்பட்ட மூன்றாவது கையிடமாகத்தான் இருக்கும்.

உங்கள் கூட்டத்துக்கு ஒரே விதி போதும். மேசைக்கு வரும் எந்தப் பொருளும் சீட்டோடு வரட்டும், இருப்பதிலேயே விலையுயர்ந்ததும்கூட. சீட்டில் எழுதவேண்டியது இவ்வளவுதான்: ‘நகல். பாலியூரிதேன் ரெசின். 2024இல் வார்த்தது. செதுக்கியவரிடமே வாங்கிய அச்சிலிருந்து. படப்பிடிப்பில் இருந்ததில்லை.’ தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்றே எழுதட்டும். முதல் சீட்டை அந்த மூத்தவர் எழுதவேண்டும். அவர் அலமாரியிலும் இரண்டு ‘தெரியாது’ இருக்கும். அது வெளியே வந்த பிறகு, புதிதாக வருகிறவனிடம் யாரும் அசலா போலியா என்று கேட்கமாட்டார்கள், சீட்டை வாங்கிப் படிப்பார்கள்.

சீட்டு தொலையும், அதனால் அடையாளம் பொருளின் உடம்பிலும் இருக்கவேண்டும். நீங்களே வார்ப்பதாக இருந்தால், அச்செடுக்கும் மூலத்தின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு எழுத்தைப் பதித்துவிடுங்கள். அந்த அச்சில் வார்க்கும் ஒவ்வொன்றிலும் அது தானாக வரும். வேறொருவர் உங்கள் வார்ப்பின்மேல் அச்செடுத்து ரீகாஸ்ட் செய்தாலும் கூடவே வரும். தேய்த்து அழித்தால் தேய்த்த இடம் காட்டிக்கொடுக்கும். ரீகாஸ்ட் வேறு வகையிலும் மாட்டிக்கொள்ளும். சிலிக்கோனும் ரெசினும் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் சுருங்குவதால், காலிப்பர் என்ற அளவுகோலை வைத்தால் அளவு குறைந்திருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். அடுத்தவர் உழைப்பில் அச்செடுத்து விற்பவரை மட்டும் தயங்காமல் வெளியே அனுப்புங்கள். அங்கே இரக்கம் வேண்டாம்.

உலோகத்துக்கு எழுத்துப் பஞ்ச், சுத்தியலால் தட்டி எழுத்தைப் பதிக்கும் உளி. துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதி இரண்டு தையல். பழைய பொருளாக இருந்தால் வெட்டவோ பதிக்கவோ கூடாது, மியூசியத்தில் செய்வதுபோலப் பாரலாய்ட் பி-72 அரக்கை அசிட்டோனில் கரைத்து ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் இந்தியன் இங்க், அதன்மேல் இன்னொரு பூச்சு. தேவைப்பட்டால் பிறகு கழற்றிவிடலாம். ஆனால் இதைப் பிளாஸ்டிக்கில் செய்துவிடாதீர்கள். ஸ்டார் வார்ஸில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்களின் கவசம் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், அசிட்டோன் பட்ட இடம் கரைந்து குழகுழத்துப்போகும். அதற்கு நாடாவில் கட்டித் தொங்கவிடும் சீட்டுதான். செல்லோடேப் எதிலுமே வேண்டாம், சில வருடத்தில் பசை மஞ்சளாகி பெயிண்டையும் உரித்துக்கொண்டு வரும்.

சான்றிதழ் இருக்கிறதே என்று அந்தப் பையன் கேட்பான். காகிதம் யாருக்கும் அச்சாகும். தி விஸார்ட் ஆஃப் ஆஸ் படத்தின் சிவப்புக் காலணிகளில் ஒரு ஜோடி 2005இல் மினசோட்டா மியூசியம் ஒன்றிலிருந்து திருடுபோய் 2018இல் எஃப்.பி.ஐ. கையில் கிடைத்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசிய வல்லுநர்கள் தங்களிடமிருந்த இன்னொரு ஜோடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். காலணியின் ‘போ’வில், அதாவது முன்பக்க முடிச்சு அலங்காரத்தில், நிறமற்ற கண்ணாடி மணிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தது தெரிந்தது. யாரோ செய்த ரிப்பேர். அதே மணிகள் ஸ்மித்சோனியன் காலணியிலும் இருந்தன. நான்கையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு ஜோடிகளும் கலந்துபோயிருந்தன. அங்கே சாட்சி சொன்னது ஒரு கைவேலைக்காரரின் பெயிண்ட். 2024 டிசம்பரில் அந்தத் திருடுபோன ஜோடி ஏலக் கட்டணத்தோடு சேர்த்து 3.25 கோடி டாலருக்குப் போனது.

இப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் வருகிறவனுக்கு நீங்கள் போடும் விருந்து. ‘பொம்மை’ என்ற தீர்ப்பில் அவன் என்ன கற்றான்? அந்தக் கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பி, அடி விளிம்பையும் மரைகளையும் டார்ச் அடித்துக் காட்டியிருக்கலாம். பழைய கிராஃப்ளெக்ஸ் முலாம் பூசிய பித்தளை, தேய்ந்த இடத்தில் மஞ்சள் எட்டிப்பார்க்கும். புதிதாகக் கடைந்த அலுமினியம் கீறினாலும் வெள்ளையாகவே இருக்கும். கனத்திலும் தெரியும், பித்தளை அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு அடர்த்தி. அப்படியே மஞ்சள் தெரிந்தாலும் அது பழைய ஃப்ளாஷ் குழல் என்பது மட்டும்தான் உறுதி. படத்தில் வந்ததா என்பதற்குக் கீறலும் நசுங்கலும் திரையில் அதே இடத்தில் தெரியவேண்டும். பத்து நிமிடத்தில் அவனே சொல்லியிருப்பான், இது நகல் என்று. தானே கண்டுபிடித்தவனுக்கு வலிக்கும், ஆனால் அவமானமாக இருக்காது.

அவனை நேரில் போய்ப் பாருங்கள், குறுஞ்செய்தி வேண்டாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பணம் எப்படிக் கட்டினான் என்று விசாரியுங்கள். விற்றவருக்கே நேரடியாகக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இங்கிலாந்தின் 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டம் 75ஆவது பிரிவில் கார்டு கம்பெனியிடமே முறையிடலாம். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால் அது செல்லும். விளம்பரம், சான்றிதழ், ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள், பொருளைத் துடைக்கவோ மெருகேற்றவோ வேண்டாம். விற்றவரிடம் ‘எந்தக் காட்சி, எந்தச் சட்டகம்’ என்று எழுத்தில் கேட்கட்டும்.

பணம் திரும்பி வராவிட்டால் அந்தக் கைப்பிடி அவனிடமே இருக்கட்டும். அடுத்த ஞாயிறு அதற்கு அவனே ஒரு சீட்டு எழுதிக் கட்டட்டும். நாடாவும் பேனாவும் நீங்கள் கொண்டுபோங்கள்.