தெருக்காரர்களையே பேச வைத்து மாதக் கூட்டம் நடத்த முடியுமா?

கேள்வி: மதுரை அண்ணா நகர் பக்கம் இருக்கிறோம். வெளியிலிருந்து பேச்சாளரைக் கூப்பிடாமல், எங்கள் தெரு ஆட்களையே மாதம் ஒருவராகப் பேச வைக்கலாம் என்று ஒரு யோசனை. யாராவது நடத்தியிருக்கிறீர்களா? யார் பேசுவார்கள், யார் வருவார்கள், என்ன செலவாகும்?

நடத்திக்கொண்டிருக்கிறேன். செல்லூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2023 கடைசியில் நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கினோம். இதுவரை பத்தொன்பது கூட்டம் முடிந்திருக்கிறது. மாதம் ஒன்று என்றுதான் பேச்சு, ஆனால் விட்டுப்போன மாதங்களும் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மைக் வைக்காதீர்கள்.

முதல் கூட்டத்தை நாங்கள் ஊர் வழக்கப்படி நடத்தினோம். கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளம், மைக் செட், பேனர், ஒரு சிறப்பு விருந்தினர். நோட்டீஸில் ஆறு மணி. விருந்தினர் ஏழேகாலுக்கு வந்தார். அவருக்கு ஒரு பொன்னாடை, அவரோடு வந்தவர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போட்டவருக்கும் ஒரு பொன்னாடை. அன்றைக்குப் பேச வேண்டியவர் எங்கள் தெரு நெசவாளர். நாற்பது வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்தவர். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எட்டு மணிக்கு அவர் கைக்கு மைக் வந்தது. "பெரியவங்கள்லாம் இருக்கீங்க, நான் என்னத்தச் சொல்ல. ஏதோ தறி நெய்ஞ்சேன், பிள்ளைகளப் படிக்க வச்சேன்." நாலு நிமிஷம். உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்த பையன், "தாத்தா, பாவுன்னா என்ன?" என்று கேட்டான். மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "இந்தா நிக்கிறமே, இங்கருந்து அந்த டிரான்ஸ்பார்மர் வரைக்கும் பாவு விரிப்போம்டா" என்று தொடங்கினார். விடிவதற்கு முன்னால் தெருவின் நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டுவது, அரிசிக் கஞ்சியைத் தடவி பிரஷால் நீவிக்கொண்டே நடப்பது, வெயில் ஏறுவதற்குள் முடிக்காவிட்டால் நூல் விறைத்து அறுவது, தூறல் விழுந்தால் வீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஓடி வந்து சுருட்டுவது, சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்று சொல்லிக்கொண்டே போனார். சாலையில் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தே காட்டினார். டீக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதரை ஆகிவிட்டது. மண்டபத்துக்குக் கொடுத்த வாடகை வீண் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான். நம் ஊரில் பேச்சுக்கு மதிப்பு ரொம்ப அதிகம். நான்காம் தமிழ்ச் சங்கம் 1901இல் தொடங்கிய ஊர். பட்டிமன்றம் என்றாலே நினைவுக்கு வருகிற சாலமன் பாப்பையா ஐயாவின் ஊர், 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது தெருவுக்குத் தெரு சந்தோஷப்பட்ட ஊர். இப்படிப்பட்ட ஊரில் ஒருவரிடம் போய் "பேச வாங்க" என்றால், அவர் மனதில் அந்த மேடைதான் வந்து நிற்கும். "எனக்குப் பேச வராதுப்பா" என்பார். அவருக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை. மேடையில் பேசுகிற மாதிரி வராது, அவ்வளவுதான். அதனால் இப்போதெல்லாம் 'பேச்சு' என்ற சொல்லையே நாங்கள் எடுப்பதில்லை. "உங்க தொழில்ல ஒரு சாமான் கொண்டாங்க, பிள்ளைக கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க" என்போம். இதுவரை மறுத்தவர்கள் இரண்டே பேர்.

இரண்டாவது கூட்டம் ஒரு வீட்டு மொட்டை மாடியில். சுங்குடி முடிகிற அக்கா வந்தார், சௌராஷ்டிரா வீடு. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். முடிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த மாடியில் மூன்று பேர்கூட இல்லை. அக்கா வெள்ளைத் துணியை மடியில் போட்டு, துணியைத் துளியாக நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்று சுற்றி இறுக்கினார். அடுத்தது. அடுத்தது. கண் துணியில் இல்லை, எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் கை ஓடியது. சேலை முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் முடிந்து, சாயத்தில் முக்கிக் காய வைத்துப் பிரித்தால், கட்டிய இடமெல்லாம் புள்ளி. துணியைத் தடவிப் பார்க்கச் சொன்னார். புள்ளி இருக்கும் இடம் கொஞ்சம் புடைத்திருக்கும். "கடையில சுங்குடின்னு குடுத்தா இப்படித் தடவிப் பாருங்க. வழவழன்னு இருந்தா அது அச்சு அடிச்சது" என்றார். வந்திருந்த பெண்கள் பாதிப்பேர் அப்போதே தங்கள் முந்தானையைத் தடவிப் பார்த்தார்கள். ஒரே சிரிப்பு.

சேலைக்கு என்ன கூலி என்று ஒருவர் கேட்க, அக்கா சொன்னார். பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன் போனில் வகுத்துப் பார்த்து, ஒரு முடிச்சுக்குச் சில பைசாதான் வருகிறது என்றான். "அதெல்லாம் வகுத்துப் பாக்கக் கூடாது தம்பி, வகுத்தா கை ஓடாது" என்றார் அக்கா.

இடம் விஷயத்தில் நிறைய அடிபட்டோம். மாடி என்றால் முட்டிவலிக்காரர்கள் ஏற முடியாது. கோயில் வாசலில் வைத்தோம், பள்ளிவாசல் தெருக்காரர்கள் தயங்கினார்கள். இன்னொன்று, யார் வீட்டு மாடி என்பதும் ஒரு சேதிதான். எங்கள் தெருவில் அதெல்லாம் பார்ப்பதில்லை என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் சில வீட்டுப் படியைச் சிலர் ஏற மாட்டார்கள், அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஓடாத ஒரு தறிக்கூடம் கிடைத்தது. தறிகளை ஓரம் தள்ள முடியாது, இடுக்கில்தான் உட்கார வேண்டும். யார் வீடும் இல்லை என்பதால் எல்லோரும் வருகிறார்கள். உங்கள் பக்கம் தறிக்கூடம் இருக்காது. டியூஷன் சென்டர், ஒர்க் ஷாப், ரேஷன் கடைத் திண்ணை என்று எது யாருக்கும் சொந்த வீடு இல்லையோ அதைப் பாருங்கள்.

வீடியோ எடுக்கலாமா என்று இளவட்டங்கள் கேட்பார்கள். நாங்களும் எடுத்தோம், பூக்கட்டுகிற அத்தை வந்த அன்றைக்கு நிறுத்தினோம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ எடுத்துத் தெருவில் கட்டி விற்பவர். மதுரை மல்லி மொட்டை ஏன் விடிவதற்குள் பறிக்க வேண்டும், மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை ஆயிரக்கணக்கில் ஏறும்போது கால் கிலோ வாங்கி எப்படி ஒப்பேற்றுவது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வாழைநாரில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் "முழம்னா எவ்வளவு அத்தை?" என்று கேட்டாள். அத்தை அவளை ஒரு பார்வை பார்த்தார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீட்டி, "இது நீ கேட்டா" என்றார். அப்புறம் விரலை மடக்கி, சரத்தைக் கொஞ்சம் தளர விட்டு, "இது காரை நிறுத்திக் கண்ணாடிய இறக்காமக் கேட்டா" என்றார். கூடமே அதிர்ந்தது. அடுத்த நிமிஷம் அவர் முகம் மாறிவிட்டது. "யாருப்பா போன்ல பிடிச்சது? இத எவனாச்சும் போட்டா நாளைக்கு எம் பொழப்பு என்னாகும்?" அவர் கண் முன்னாலேயே அழித்தோம். அன்றிலிருந்து போன் பைக்குள்தான். பதிவு இல்லை என்று தெரிந்தால்தான் தொழிலின் உள்விஷயம் வெளியே வருகிறது. (இங்கே எழுதுகிறாயே என்று கேட்பீர்கள். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போடாத" என்றார்.)

ஓய்வு பெற்ற அதிகாரிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இவர்களைக் கூப்பிட வேண்டியதே இல்லை, தானாக வருவார்கள். ஒருவர் தன் சர்வீஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஒப்பித்தார். அதற்குப் பிறகுதான் பேசுபவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பது என்று வைத்தோம். கேட்பவர் நல்லவராக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. எங்களுக்கு அமைந்தது ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண். "ஏன்?" என்று மட்டும் விடாமல் கேட்பாள்.

பேசுபவருக்கும் கேட்பவர்களுக்கும் சண்டை வந்தால் பயப்படாதீர்கள். 2024 அக்டோபர் 25 மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி எங்கள் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அதற்கு அடுத்த கூட்டத்தில், செல்லூர் கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் பார்த்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்தோம். சாக்பீஸ் வாங்கித் தரையில் வரைந்தார். கரை, மடை, கலுங்கு, வயல், ஓடை. இன்றைக்கு யார் யார் வீடு எந்த வயலில் நிற்கிறது என்று பெயர் சொல்லிச் சொல்லி வட்டம் போட்டார். ஒரு அக்கா எழுந்து, "இல்லண்ணே, ஓடை அங்கிட்டுப் போகல, எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் போச்சு, எங்க மாமியா அதுலதான் துணி துவைக்கும்" என்றார். இன்னொருவர் எழுந்து இரண்டும் தப்பு என்றார். ஆளாளுக்கு ஒரு சாக்பீஸ். ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகு தரையில் ஒரு படம் மிஞ்சியது. அதைத் தாளில் பிரதி எடுத்து என் கடையில் முப்பது காப்பி போட்டேன், காசு வாங்கவில்லை. பத்தொன்பதில் எனக்குப் பிடித்த கூட்டம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அன்றைக்கே கூட்டம் மனு எழுதுவதில் போய் முடியப் பார்த்தது. அதற்கு இடம் கொடுக்கவில்லை. ரோடு, சாக்கடை, தெருவிளக்குக்கு மாநகராட்சி வார்டில் பகுதி சபை இருக்கிறது, அங்கே போய்ச் சத்தம் போடலாம், நானும் போடுகிறேன். இங்கே குறை சொல்லத் தொடங்கினால் அடுத்த மாதம் பூக்கட்டுகிறவர் வர மாட்டார், கட்சிக்காரர்தான் வருவார்.

யார் வருவார்கள் என்று கேட்டீர்கள். குறைந்தது பதினாலு பேர், அதிகம் அறுபது. அந்த அறுபது, பழைய சினிமா ஆபரேட்டர் வந்த அன்றைக்கு. தங்கம் தியேட்டர் பற்றிய பேச்சு வந்தது, 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்த தியேட்டர் அல்லவா, ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். அவர் கொண்டு வந்தது எரிந்து தீர்ந்த ஒரு கார்பன் குச்சித் துண்டு. பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு குச்சிகளுக்கு நடுவே எரிகிற வெளிச்சத்தில்தான் படம் ஓடியது, குச்சி தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், கண் அசந்தால் திரை மங்கிவிடும், கீழேயிருந்து விசில் பறக்கும். "நான் எந்தப் படத்தையும் முழுசாப் பார்த்ததில்ல" என்றார்.

நாள் குறிக்கும்போது முகூர்த்த நாளைப் பார்த்துத் தள்ளுங்கள். சித்திரையில் வைக்கவே வேண்டாம். எதிர்சேவை, அழகர் இறங்குவது என்று ஊர் முழுக்க ரோட்டில் நிற்கும்போது யார் உட்காருவார்கள்? செலவு எங்களுக்குக் கூட்டத்துக்கு அறுநூறு ரூபாய்க்குள், சுண்டலும் டீயும். ஒரு தடவை பருத்திப்பால் கொடுத்தோம், கொஞ்சம் கூடிவிட்டது. எதுவானாலும் முடிந்த பிறகு கொடுங்கள், முதலில் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பேசியவருக்குப் பொன்னாடை இல்லை, பேனர் இல்லை. கூட்டத்துக்குப் பெயரும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் பேனர் வரும், பேனர் வந்தால் அதில் யார் படம் என்று வரும்.

முதல் கூட்டத்தில் நாலு நிமிஷத்தில் உட்கார்ந்த மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் இருபது பேராகக் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். தக்களிகளும், நெசவுக்குப் பயன்பட்டது என்று சொல்லப்படுகிற எலும்பு முனைக் கருவிகளும் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி முன்னால் மாமா நின்றுவிட்டார். "இதக் கொண்டு நூலப் பிரிச்சிருப்பான்யா, பாரு முனை எப்படித் தேஞ்சிருக்கு" என்று விரலால் காற்றில் நூல் பிரித்துக் காட்டினார். எங்கள் ஆட்கள் போக, வேறு ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பமும் நின்று கேட்டது. அவர்கள் அவரை அங்கே வேலை பார்ப்பவர் என்று நினைத்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

முதல் ஆளை எங்கே தேடுவது என்றால், எனக்குக் கடை உதவியது. வாழ்நாள் சான்றுக்கும் ரேஷன் கார்டுக்கும் நகல் எடுக்க வராதவர் யார்? உங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி இருக்கும் இல்லையா, அந்த அண்ணனிடம் கேளுங்கள். எந்த வீட்டில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று சட்டையை வைத்தே சொல்வார். காலையில் போகாதீர்கள், ஆபீஸ் போகிறவர்கள் துணிக்கு நிற்பார்கள். மூன்று மணிக்கு மேல் போனால் பேச நேரம் இருக்கும். பேசிவிட்டு, முதல் கூட்டத்துக்கு அவரையே உட்காரச் சொல்லுங்கள். பெட்டியைத் தூக்கி வர ஒரு ஆள் கூட வேண்டும், கனம்.