கேள்வி-பதில்: வால்வு இடைவெளியும் எம்.ஜி.பி. காரும்

கேள்வி: என்னிடம் 1972 மாடல் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இன்ஜின் மேலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. டாப்பெட்டை (வால்வு இடைவெளியை) நானே செட் செய்யலாமா? எந்த வரிசையில்?
– லண்டன் வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால், சத்தம் அடங்க வேண்டும் என்பதற்காக இறுக்கிவிடாதீர்கள். 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜினுக்கு எட்டு வால்வுகளுக்குமே, வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் இடையே உள்ள இடைவெளி 0.015 அங்குலம் (0.38 மி.மீ.). இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பார்க்க வேண்டும். கேம்ஷாஃப்ட்டை (வால்வுகளை இயக்கும் சுழல்தண்டை) யாராவது மாற்றியிருந்தால், அந்தக் கேமுக்கு உரிய அளவைத்தான் வைக்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, நான்காவது கியரில் போட்டு, வண்டியை மெல்ல முன்னால் தள்ளினாலே இன்ஜின் சுலபமாகச் சுழலும். முன்பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்பதே கணக்கு: 8 முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐ செட் செய்யுங்கள், 6 திறந்தால் 3, 4 திறந்தால் 5, 7 திறந்தால் 2. மீதி நான்கும் இதே ஜோடிகளின் மறுபுறம்தான் (1 திறந்தால் 8 என்பதுபோல). நம் ஊர் பழைய பெட்ரோல் அம்பாசடரில் இருந்த 1489 சிசி இன்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம். இந்தக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

இடைவெளியை மாற்றும் ஸ்க்ரூவைப் பூட்டிவைக்கும் லாக் நட்டுக்கு அரை அங்குல ரிங் ஸ்பேனர் வேண்டும். 13 மி.மீ. ஸ்பேனர் சற்றே தொளதொளவென்று இருக்கும், நட்டின் முனை மழுங்கிவிடும். அளக்கும் முன், ராக்கரின் புஷ்ராட் (ராக்கரைத் தள்ளும் கம்பி) பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். புஷ்ராட் தலைக் குழியில் தேங்கிய ஆயில் வெளியேறாவிட்டால் அளவு தப்பும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி இடைவெளியைக் குறைத்துவிடும். அதனால் ஸ்க்ரூ டிரைவரை விடாமல் பிடித்துக்கொண்டு இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் போகவில்லையா? ராக்கர் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வுத் தண்டின் தலை பதிந்து பதிந்து, அங்கே நகக்கண் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். தட்டையான கேஜ் தகடு அந்தப் பள்ளத்தின் மேல் பாலம்போலக் கிடப்பதால், உண்மையான இடைவெளி 0.015-ஐ விட அதிகம். ராக்கரை மாற்றுவதே வழி.

கேள்வி: முன்பு சத்தம் போட்ட இன்ஜின், நாளாக நாளாகத் தானே அமைதியாகிவிட்டது. நல்லதுதானே?

பதில்: இதுதான் கவலைப்பட வேண்டிய நிலை! ஈயம் இல்லாத பெட்ரோலில், கடினப்படுத்தாத பழைய எக்ஸாஸ்ட் சீட்டுகள் (புகையை வெளியேற்றும் வால்வுகள் மூடும்போது அமரும் இடங்கள்) தேய்ந்து வால்வு மேலே ஏறும். இடைவெளி சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போனால் வால்வு முழுதாக மூடாது. சீட் வழியாக ஹெட்டுக்கு (இன்ஜினின் மேல்பகுதிக்கு) இறங்க வேண்டிய சூடு வால்விலேயே தங்கி, விளிம்பு கருகிவிடும். 1, 4, 5, 8 ஆகிய எக்ஸாஸ்ட் வால்வுகளின் அளவைக் குறித்துவைத்து வாருங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட்டைக் கழற்றிக் கடின சீட்டுகள் பொருத்துங்கள்.

கேள்வி: ராக்கர் கவரில் ஆயில் கசிகிறது.

பதில்: மேலே உள்ள இரண்டு நட்டையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கியிருப்பார்கள், தகரம் வளைந்திருக்கும். விளிம்பைத் தட்டி நேராக்கி, புது கார்க் கேஸ்கெட் போட்டு, அது லேசாக அமுங்கும் வரை இறுக்கினால் போதும்.