கடற்கரையில கெமிக்கல் பக்டரி, தண்ணிக்கு எங்க போறது? – கேள்வி பதில்

வணக்கம். இரசாயனத் தொழிற்சாலையளில தண்ணி, கூலிங், கழிவு எண்டு 30 வருஷம் வேலை செய்தனான், இப்ப வடமராட்சியில இருக்கிறன். தெரிஞ்சதைக் கேளுங்கோ. முதலே ஒண்டு, தண்ணி காணேல்லை எண்டு குழாய்க்கிணறை இன்னும் ஆழமா இறக்காதேங்கோ.

கோப்பாயிலயிருந்து: அண்ணை, சின்னனா கிளீனிங் லிக்விட் செய்யிறன். நாளுக்கு 2,000 லீற்றர் கிணத்துத் தண்ணி போகுது, பாதி தாங்கி கழுவத்தான். எப்பிடிக் குறைக்கிறது?

தம்பி, கழுவுற விதத்தை மாத்தினாலே கனக்க மிஞ்சும். தாங்கியை வடிச்சாப் பிறகு அடியில 1 லீற்றர் மருந்து நிக்குது எண்டு வையுங்கோ. 9 லீற்றர் விட்டுக் கலக்கி வடிச்சால் மிச்சம் நிக்கிறது பத்தில ஒண்டு. அதையே மூண்டு தரம் செய்தால் ஆயிரத்தில ஒண்டு, போன தண்ணி 27 லீற்றர் மட்டும். அதே சுத்தம் ஒரே தரத்தில வேணுமெண்டால் 999 லீற்றர் விடவேணும். ஓசை திறந்துவிட்டிட்டு ரீ குடிக்கப் போற பழக்கத்தை விடுங்கோ. மூண்டாம் தரம் கழுவின தண்ணியைக் கலனில பிடிச்சு வைச்சு அடுத்த நாள் முதல் கழுவலுக்கு எடுங்கோ, முதல் கழுவல் தண்ணி அதே சரக்கெண்டால் அடுத்த கலவைக்குள்ளயே போகலாம். கிணத்து வாயில ஒரு மீற்றர் பூட்டி, காலமையும் பின்னேரமும் கொப்பியில எழுதுங்கோ.

அறிவியல் நகர் மாணவி: சேர், கிணறு ஆழமாக்கினா ஏன் சவராகுது? தண்ணி கூடத்தானே வரும்?

பிள்ளை, எங்கட குடாநாட்டுக்குக் கீழ இருக்கிறது சுண்ணாம்புக்கல்லு, அதுக்குள்ள ஊறின மழைத்தண்ணி கடல் தண்ணிக்கு மேல மிதக்குது. நல்ல தண்ணி பாரம் குறைவு எண்டதால கடல்மட்டத்துக்கு மேல 1 மீற்றர் நிண்டால் கீழ 40 மீற்றர் வரைக்கும் நல்ல தண்ணி நிக்கும், கணக்கு அப்பிடி. இதைத் திருப்பிப் பாருங்கோ. பம்ப் இறைச்சு நீர்மட்டம் வெறும் 10 சென்ரிமீற்றர் நிரந்தரமா இறங்கினால் கீழயிருந்து உப்பு 4 மீற்றர் ஏறும். நிலாவரைக் கிணத்திலயும் மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. நான் வேலை செய்த ஒரு இடத்தில மூண்டு பம்பை இரவு பகலா ஓடவிட்டவை. ஒரு நாள் கூலிங் ரவர் (சூடான தண்ணியில கொஞ்சத்தை ஆவியாக்கி மிச்சத்தை ஆத்திற கோபுரம்) தட்டை கழட்டினால் விரல் தடிப்பில வெள்ளைப் பொருக்கு, கத்தியால சுரண்டி நாக்கில வைச்சன், கரிச்சுது. பக்கத்து வளவுக் கிணறும் அந்த வருஷமே கெட்டுப்போச்சு. அந்த வீட்டு அம்மா வெறும் வாளியோட எங்கட கேற்றில வந்து நிண்டதை நான் இண்டைக்கும் மறக்கேல்லை.

சுன்னாகம்: வீட்டுக்கு எந்த ஆர்.ஓ. மெஷின் நல்லம்?

அது என்ர பக்கம் இல்லை. முதல்ல நீர்வழங்கல் சபை ஆய்வுகூடத்தில தண்ணியைக் குடுத்துப் பாருங்கோ.

பருத்தித்துறை: சுத்திவரக் கடல் கிடக்கேக்க பக்டரிக்கு ஏன் நல்ல தண்ணி?

வேலையைப் பொறுத்தது. தூசு கழுவ, சூடு ஆத்த கடல் தண்ணி காணும், டைட்டேனியத் தட்டு போட்ட சூடுமாத்தி (சூட்டை ஒரு தண்ணியிலயிருந்து மற்றதுக்கு மாத்திற கருவி) இருந்தால் துரு பிடிக்காது. சரக்குக்குள்ள சேர்க்கிற தண்ணி, பொயிலர் தண்ணி மட்டும்தான் சுத்தமா வேணும்.

நெல்லியடி: கடல் தண்ணியைப் பாவிக்கலாம்தானே?

மேல பாருங்கோ.

கிளிநொச்சி: ஐயா, பரந்தன் கெமிக்கல் பக்டரியைத் திருப்பித் தொடங்கினால் எத்தினை பெடியளுக்கு வேலை. நீங்கள் தண்ணி தண்ணி எண்டு எல்லாத்துக்கும் தடை சொல்லுறியள்.

தடை சொல்லேல்லை தம்பி. ஆனையிறவு உப்பில கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடம் அது, சண்டையில நிண்டுபோன கவலை எனக்கும் இருக்கு. ஆனால் கணக்கோட தொடங்குவம். 1 தொன் குளோரினுக்கு இரசாயன மாற்றத்தில போற தண்ணி அரைத் தொன் மட்டும்தான், கோஸ்டிக்கோட சேர்ந்து கொஞ்சம் போகும். பெருந்தீனி கூலிங் ரவர். 100 கனமீற்றர் ஆவியாப் போற ரவரில தண்ணியை இரண்டு மடங்கு தடிக்கவிட்டு, அதாவது கரைஞ்ச உப்பு இரண்டு மடங்காகும்வரை விட்டு, வெளியேத்தினால் 200 புதுசா வேணும், ஐஞ்சு மடங்கு தடிக்கவிட்டால் 125 காணும். சுண்ணாம்புத் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுக்காமல் ஐஞ்சு மடங்கு போகேலாது, பொருக்கு அடைக்கும். சென்னை மணலியில கொடுங்கையூர்க் கழிவுநீரைச் சுத்தப்படுத்தி நாளுக்கு 4.5 கோடி லீற்றர் தொழிற்சாலையளுக்குக் குடுக்கிற திட்டம் இருக்கு. எந்தத் தண்ணி எண்டு முடிவெடுத்துப்போட்டுத்தான் இடம் பாக்கவேணும்.

கிளிநொச்சி (திரும்ப): அப்ப தாளையடியில மாதிரி கடல்நீரை நன்னீராக்கினால் பிரச்சினை முடிஞ்சுதே?

வடமராட்சி கிழக்கு, கடற்றொழிலாளி: முடிஞ்சுதோ? உப்புக் கழிவு எங்கட கடலிலதானே விழும். கரைவலை இழுக்கிறவன் எங்க போறது?

இரண்டு பேரும் கேளுங்கோ. தாளையடி நிலையம் நாளுக்கு 24,000 கனமீற்றர், 2024இல திறந்தது, அது ஊருக்குக் குடிக்க. பக்டரியும் சொந்தமா ஒண்டு போட்டால் 100 லீற்றர் கடல் தண்ணியில 40 லீற்றர் நல்ல தண்ணி எடுக்கலாம், மிச்ச 60 லீற்றரில உப்பெல்லாம் குவியும். லீற்றருக்கு 35 கிராம் இருந்தது 58 கிராமாகும். பாரம் கூடின அந்தத் தண்ணி அடியில படுக்கும், மீன் முட்டையும் புல்லும் இருக்கிற இடம் அதுதான். கனமீற்றருக்கு 3, 4 யூனிற் கரண்டும் போகும். ஆகவே பக்டரி முதல்ல தன்ர தேவையைக் குறைக்கவேணும், மிச்சத்துக்குத்தான் இது.

கிளிநொச்சி: கடல் பெரிசு, ஒரு குழாயால என்ன வரப்போகுது?

ஆழக்கடலில, பல துவாரம் வைச்ச குழாயால சிதறவிட்டால் கலந்துபோகும், அது உண்மை. களப்புக்குள்ள விடுறதெண்டால் நான் ரோட்டில நிண்டு எதிர்ப்பன். கன இடத்தில ஆள் நடந்து போற ஆழம், தண்ணி மாறுறதும் மெது, கோடையில வெயிலே உப்பைக் கூட்டுது. இறால் பிடிக்கிற சனத்தின்ர வயித்தில அடிக்கிற வேலை அது.

மானிப்பாய்: கடல் தண்ணி பாவிக்கலாமா அண்ணை?

மூண்டாம் தரம். மேல இரண்டு பதில் இருக்கு, வாசியுங்கோ.

கடற்றொழிலாளி: அப்ப குழாய் போட வந்தால் நாங்கள் என்ன கேக்கவேணும் அண்ணை?

குழாய் போட முதலே கடலை அளக்கச் சொல்லுங்கோ. கோடையில ஒருக்கா, மாரியில ஒருக்கா, மேலயும் அடியிலயும் உப்பு, சூடு. அந்தத் தாளில உங்கட சங்கத்துக்கு ஒரு பிரதி. குழாய் ஓடத் தொடங்கினாப் பிறகு அதே இடங்களில மாதாமாதம். அளக்கேக்க உங்கட ஆள் ஒருத்தர் வள்ளத்தில இருக்கவேணும். உப்பு அளக்கிற கைமீற்றர் என்னட்டை ஒண்டு கிடக்கு, ஞாயிற்றுக்கிழமை காலமை கரைக்குக் கொண்டாறன், பாவிக்கிற விதம் காட்டித் தாறன்.