புடவை மடிப்பில் மாத்திரை

கேள்வி: சிஸ்டர், என் மகளுக்கு 23 வயது. 16-ல் வலிப்பு வந்தது. நிம்ஹான்ஸில் காட்டி மாத்திரை சாப்பிடுகிறாள். மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. இப்போது தங்கவயலிலிருந்து ஒரு வரன். வாயைத் திறக்காதே என்கிறாள் என் நாத்தனார். வலிப்பு இருந்தால் கல்யாணமே செல்லாதாமே?
- ஒரு தாய், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இருந்தது. 1999-ல் அதிலிருந்து வலிப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் மறைத்துச் செய்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்று கோர்ட்டுக்கு இழுக்க இன்னமும் வழியுண்டு. இதை நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

நான் வார்டில் இருந்தபோது ஒரு புதுப்பெண் வந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. மாமியார் கண்ணில் படக்கூடாதென்று மாத்திரையைப் பெட்டியில் புடவை மடிப்புக்குள் வைத்திருந்தாளாம். விருந்து, மறுவீடு, ராத்திரி தூக்கமில்லை. பெட்டியைத் திறக்கவே முடியவில்லை. ஐந்தாம் நாள் சமையலறையில் விழுந்தாள். கையில் சாவிக்கொத்தைத் திணித்து, பல்லுக்கு நடுவே கரண்டியை விட்டிருக்கிறார்கள். முன்பல் இரண்டு போயிற்று. சாவியால்தான் நின்றது என்றார் மாமனார். பெரும்பாலும் அது இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும், ஐயா! ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருந்தால் போதும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

“முன்னமே சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே” என்று அந்த மாமியார் அழுதார். மனசார அழுதாரோ, ஊருக்காக அழுதாரோ, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே பூ வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தரகர் மூலமாக வேண்டாம். மகளே பையனிடம் சொல்லட்டும், ஓ.பி. சீட்டோடு. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகள் இப்போது அந்தக் கணக்கில்தான் இருக்கிறாள்.

சரி, மாத்திரையின் பெயரை எழுதவில்லையே? வால்புரோயேட் என்றால் கல்யாணத்துக்கு முன்பே நரம்பு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பத்தில் அது சிசுவைப் பாதிக்கலாம். வேறு மருந்துக்கு மாற்றலாமா, ஃபோலிக் ஆசிட் எப்போது தொடங்குவது என்று அவர் சொல்வார். பயந்துபோய் நீங்களாக ஒருவேளைகூட நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், தங்கவயல் மருந்துக்கடையில் அந்த மாத்திரை எப்போதும் கிடைக்கிறதா என்று தெரிய வேண்டும். அதை மாப்பிள்ளையையே விசாரிக்கச் சொல்லுங்கள்.