ஞாயிறு சமைத்தது வியாழன் வரை நிற்குமா?

கேள்வி: நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை 5 மணி நேரம் நின்று, ஐந்து நாளைக்கான இரவுச் சாப்பாட்டையும் சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். புதனுக்குள் சோறு விறைத்துப்போகிறது, காய் குழைந்து நீர் விடுகிறது. வியாழக்கிழமை எதாவது ஒரு பாத்திரம் ஊசிப்போய்க் கொட்ட வேண்டியிருக்கிறது. எதை எத்தனை நாள் வைக்கலாம்? நடுவில் மின்சாரம் நின்றால் எல்லாம் போச்சா?

பதில்: முதலில் நாள் கணக்கு. சமைத்த உணவு 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கும் ஃப்ரிட்ஜில் 3 அல்லது 4 நாள்தான் நிற்கும். ஞாயிறு மாலை சமைத்ததை புதன் இரவுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வியாழன், வெள்ளிக்கானவை ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசருக்குள், அதாவது மைனஸ் 18 டிகிரிக்குப் போய்விட வேண்டும். மூன்று நாள் ஃப்ரிட்ஜில் கிடந்ததை புதன்கிழமை ஃப்ரீசருக்கு மாற்றுவதால் பயனில்லை. உறைதல் கிருமியைக் கொல்வதில்லை, வளராமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஃப்ரிட்ஜ் உண்மையில் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருகில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் வெப்பநிலை அல்ல. நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் படியுங்கள். 7, 8 டிகிரி காட்டினால் வியாழக்கிழமைப் பாத்திரம் ஏன் ஊசியது என்பதற்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, ஆறவைக்கும் விதத்தில் இருக்கிறது. முன்கூட்டிச் சமைப்பவர்கள் அதிகம் தவறுவதும் இந்த இடத்தில்தான். கொதிக்கும் குழம்பில் கிருமிகள் சாகும். ஆனால் சில வகைக் கிருமிகளின் வித்துகள் 100 டிகிரியிலும் பிழைத்துக்கொள்ளும். குழம்பு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவை முளைத்துப் பெருகத் தொடங்குகின்றன. 5 டிகிரிக்குப் போகும் வரை அந்த வளர்ச்சிக்கு இடமிருக்கிறது. பெரிய பாத்திரத்தில் வெந்த இறைச்சியில் வளரும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் இப்படிப்பட்டதுதான். 5 லிட்டர் பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரம் சில்லிட்டுப்போகும், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

கணக்கு இது: 60-லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். இதைச் சாதிக்க, தண்ணீரும் ஐஸ்கட்டியும் நிரப்பிய பெரிய தொட்டியில் பாத்திரத்தை இறக்குங்கள். வெளியே தண்ணீர் மட்டம் உள்ளே உணவின் மட்டத்துக்கு வர வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறிக்கொடுங்கள். கிளறாவிட்டால் ஐஸ் வைத்தும் நடுப்பகுதி ஆறாது. பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்கள். ஆவி அடங்கி, டப்பாவைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். மூடியை லேசாகத் திறந்தபடி வைத்து, நன்றாகக் குளிர்ந்ததும் மூடுங்கள். டப்பாக்களுக்கு நடுவே காற்று போக விரல் இடைவெளி வேண்டும். ‘முழுக்க ஆறின பிறகுதான் ஃப்ரிட்ஜ்’ என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி 2 மணி நேரத்துக்கு மேல் எதுவும் வெளியே இருக்கக் கூடாது; சமையலறை 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் 1 மணி நேரம்தான்.

சோற்றுக்குத் தனிக் கண்டிப்பு தேவை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியில் கிடக்கும்போது அது வளர்ந்து ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. ஆகவே வடித்த உடனே தட்டில் 2, 3 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, 1 மணி நேரத்துக்குள் குளிரவைத்து உள்ளே வையுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு நாள் போதும். மற்ற நாளைக்கானதை ஒரு வேளை அளவாகப் பையில் தட்டையாக அமுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உங்கள் சோறு விறைப்பதற்கும் இதுவே மருந்து. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகுகிறது. அந்த இறுக்கம் ஃப்ரிட்ஜின் குளிரில்தான் வேகமாக நடக்கிறது, சட்டென்று உறைந்துவிட்டால் நின்றுபோகிறது. சூடாக்கும்போது 1 கப் சோற்றுக்கு 1 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு, ஆவி பறக்கச் சூடாக்கினால் மறுபடி மென்மையாகிவிடும்.

இன்னொன்றையும் மாற்றச் சொல்வோம். ஐந்து முழு உணவுகளைச் சமைக்காதீர்கள். இரண்டை முழுதாகச் சமைத்து, மற்ற மூன்றுக்கு அடிப்படைகளை மட்டும் தயாராக வையுங்கள். அடிப்படை என்றால் வெந்த பயறு, வதக்கிய வெங்காயம் தக்காளி, சாற்றோடு வெந்த இறைச்சி. இவை மூன்றும் ஃப்ரீசரில் கெடாமல் நிற்பவை. அன்றைய காயை அன்று 10 நிமிடத்தில் வேகவைத்துச் சேர்த்தால் குழைந்த காய் என்ற பேச்சே வராது.

அளவு சொல்கிறோம். 500 கிராம் உலர்ந்த பயறு வெந்ததும் ஏறக்குறைய 1.2 கிலோ வரும். 300 கிராம் வீதம் நான்கு பைகள், ஒவ்வொன்றும் நான்கு பேருக்கு ஒரு வேளை. சிவப்பு ராஜ்மாவாக இருந்தால் இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் வாந்தி உண்டாக்கும் நஞ்சு இருக்கிறது. மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போட்டால் அந்தச் சூடு போதாது. வெங்காயத்தை நன்கு சுண்ட வதக்கினால் மூன்றில் ஒரு பங்காகிவிடும், அதனால் 1 கிலோ நறுக்கினாலும் அதிகமாகிவிடாது. இறைச்சியைத் தனித் துண்டுகளாக வைக்காமல் சாற்றில் மூழ்கியபடி வையுங்கள். காற்று பட்டால் கொழுப்பு மாறி, இரண்டாம் நாள் ஒரு பழைய வாடை வரும். பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் நஞ்சு உருவாகலாம். ஃப்ரிட்ஜில் 4 நாள், இல்லையென்றால் ஃப்ரீசர்.

காயையும் ஃப்ரீசரில் வைக்க விரும்பினால் கொதிநீரில் காட்டி எடுக்காமல் வைக்காதீர்கள். காயிலுள்ள நொதிகள் உறைந்த பிறகும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். அரை கிலோ காய்க்கு 4 லிட்டர் கொதிநீர். மீண்டும் கொதி வந்ததிலிருந்து பீன்ஸ், காலிஃப்ளவர் பூக்கள் 3 நிமிடம், கேரட் துண்டு 2 நிமிடம், பட்டாணி ஒன்றரை நிமிடம். எடுத்ததும் அதே அளவு நேரம் ஐஸ்தண்ணீரில். ஈரம் போகத் துடைத்து, தட்டில் பரப்பி உறையவைத்த பிறகு பையில் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. முழுதாகச் சமைத்து வைக்கும் உணவில் காய் முக்கால் பதத்தில் இருக்கும்போதே அடுப்பை அணையுங்கள். மீதி வேக்காடு சூடாக்கும்போது கிடைக்கும்.

ஃப்ரீசருக்கு ஒத்துவராதவை: உருளைக்கிழங்குத் துண்டு (மணல் மணலாகும், மசித்தால் தாங்கும்), வேகவைத்த முட்டை (வெள்ளைக்கரு ரப்பராகும்), வெள்ளரி, கீரை சாலட். பால், கிரீம், தயிர் சேர்த்தவை திரியும். உணவைச் சூடாக்கிய பிறகு பால், கிரீம், தயிரைக் கடைசியில் சேருங்கள்.

2 கிலோவை ஒரே கட்டியாக உறையவைக்காதீர்கள். அரை கிலோ வீதம் பையில் 2, 3 சென்டிமீட்டர் கனத்தில் படுக்கையாக உறையவைத்தால் முதல்நாள் இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றியது மறுநாள் மாலைக்குள் இளகிவிடும். மறந்துவிட்டீர்களா? கட்டிய பையைக் குளிர்ந்த நீரில் போட்டு, அரை மணிக்கொருமுறை நீரை மாற்றுங்கள்; ஒரு மணி நேரத்தில் தயார். மேடைமேல் வைத்து இளகவிடுவது தவறு. டப்பாவாக இருந்தால் மேலே 2 சென்டிமீட்டர் விடுங்கள், உறையும்போது விரியும். பெயர், தேதி, எத்தனை பேருக்கு என்று எழுதி ஒட்டுங்கள். 2, 3 மாதத்துக்குள் சாப்பிட்டால் சுவை குறையாது.

சூடாக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். குழம்பு எங்கும் குமிழிவிட்டுக் கொதிக்கட்டும். மைக்ரோவேவில் பாதியில் எடுத்துக் கிளறி, முடிந்ததும் 2 நிமிடம் மூடி வையுங்கள். இல்லையென்றால் நடுவில் குளிர்ந்த திட்டுகள் தங்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து ஒருமுறை சூடாக்குங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமிகள் பெரும்பாலும் வாடையை மாற்றுவதில்லை. வீட்டில் கர்ப்பிணியோ முதியவரோ இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்ததை இரண்டு நாளில் முடித்துவிடுவது நல்லது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது.

மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும். பாதி காலியானால் 24 மணி நேரம். உணவில் பனித்துகள் இன்னும் தெரிந்தால் மறுபடி உறையவைக்கலாம், பக்குவம் கொஞ்சம் குறையும். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறையவைத்து அடுக்குங்கள். மின்வெட்டின்போது ஃப்ரீசர் கூடுதல் நேரம் தாங்கும், ஞாயிற்றுக்கிழமை குழம்பை ஆறவைக்கும் தொட்டிக்கும் அவையே உதவும்.