அடுப்பங்கரையில் ஓர் இடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முதுநிலைப் படிப்புக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கடந்த ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு வந்தேன். பல்கலைக்கழகம் தீவின் மேற்குக் கோடியில் இருக்க, வாடகை குறைவு என்பதற்காகச் செங்காங்கில் அறை எடுத்துக்கொண்டேன். போய்வர நாளுக்கு 3 மணிநேரம் ஆகிறது. அந்த வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கலாமே தவிர, சமைக்கக் கூடாது. நான் சைவம். இரவு 11.30 மணிக்கு அம்மா தொலைபேசியில் “சாப்பிட்டாயா?” என்று கேட்கும்போது பொய் சொல்லிவிட்டு, பிறகு அழுகிறேன். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நினைக்கிறேன். – மாணவி, செங்காங்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாடம் கடினமாக இருக்கிறது என்றோ, பேராசிரியர் சொல்வது விளங்கவில்லை என்றோ அதில் ஒரு வரிகூட இல்லை. எழுதியிருப்பதெல்லாம் பயணத்தையும் பசியையும் பற்றித்தான். ஆகவே நீங்கள் விட வேண்டியது படிப்பை அன்று, அந்த அறையை.

வடகிழக்குப் பாதையில் ஊட்ரம் பார்க் வரை வந்து, கிழக்கு மேற்குப் பாதைக்கு மாறி, பூன் லேயில் இறங்கிப் பேருந்துக்கு நிற்பது எத்தகைய அலைச்சல் என்பதை நான் அறிவேன். வாரத்தில் 5 நாள் என்று வைத்துக்கொண்டாலும் 15 மணிநேரம் போய்விடுகிறது. தகுதிபெற்ற வெளிநாட்டு மாணவர்கள் பாடத் தவணைக் காலத்தில் வேலை செய்ய மனிதவள அமைச்சு அனுமதிக்கும் உச்சவரம்பே வாரத்துக்கு 16 மணிநேரம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு பகுதிநேர வேலைக்குரிய நேரத்தைச் சம்பளமில்லாமல் ரயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாடகையில் மிச்சமாகும் தொகையோடு, மூன்று வேளையும் வெளியில் சாப்பிடும் செலவையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கூட்டினால், ஜூரோங் வெஸ்ட்டிலோ பூன் லேயிலோ சமையலுக்கு இடம் தரும் அறை அவ்வளவு எட்டாததாகத் தோன்றாது. முதல் ஆண்டில் வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள். அடுப்பிலும் தூரத்திலும் பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

புதிய அறை தேடுமுன் இப்போதைய ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது, முன்னதாக வெளியேற என்ன நிபந்தனை என்று வாசியுங்கள். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் அறை வாடகைக்குக் குறைந்தபட்சக் காலம் 6 மாதம். தனியார் வீடுகளில் 3 மாதம். காலம் முடியவில்லை என்றால் வீட்டுக்காரரிடம் நேரில் பேசி, உங்களுக்குப் பதிலாக வேறொருவரைக் கொண்டுவந்தால் முன்பணத்தைத் திருப்பித் தருவாரா என்று கேளுங்கள். கேட்காமல் ஓடிவிடுவது உங்களுக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்குச் செய்யும் தீங்காகும்.

அடுத்த ஒப்பந்தத்தில் அவசரப்படாதீர்கள். அந்த வீட்டை வாடகைக்கு விட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அனுமதி அளித்திருக்கிறதா என்பதை அதன் இணையச் சேவையிலேயே பார்த்துக்கொள்ளலாம். கூடத்தைத் தடுத்து உருவாக்கிய அறையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்கக் கூடாது, அதற்கு விதிகளில் இடமில்லை. முகவர் ஒருவர் முன்பணத்தைத் தம் கையில் கொடுக்கச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்; வீவக வீடுகளின் வாடகைப் பணத்தை முகவர்கள் கையாளவே கூடாது என்பது இங்குள்ள சட்டம். சிங்கப்பூரில் ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். சிறிய தொகைதான், ஆனால் பின்னாளில் வழக்கு என்று வந்தால் முத்திரை இல்லாத ஒப்பந்தம் உங்களுக்குத் துணை நிற்காது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, “லேசான சமையல்” என்று விளம்பரங்களில் காணப்படும் சொல். ஒரு வீட்டில் அதற்கு நூடல்ஸ் கொதிக்க வைப்பது என்று பொருள். இன்னொரு வீட்டில் சோறும் பருப்பும் வரை போகலாம். சாம்பார் தாளிக்கலாமா, எந்த நேரத்தில் அடுப்பைப் பயன்படுத்தலாம், குளிர்பதனப் பெட்டியில் எனக்கு எந்தத் தட்டு என்று வெளிப்படையாகக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நான் இந்நகருக்கு வந்த முதல் ஆண்டில் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, அறைக்குள் மின்குக்கரை ஒளித்து வைத்துச் சோறு பொங்கினேன். ஒருநாள் அதன் ஆவியில் சுவர்ச்சாயம் உரிந்து, முன்பணத்தில் பாதியை இழந்தேன். தவறு முழுக்க என்னுடையது. அதை நீங்கள் செய்யாதீர்கள்.

அறை மாறும்வரை ஒரு வழி இருக்கிறது. நீங்கள் வீடு திரும்பும் வடகிழக்குப் பாதையிலேயே லிட்டில் இந்தியா நிலையமும் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது அங்கே இறங்கி, தேக்காவிலோ சிராங்கூன் சாலையிலோ வயிறார உண்டுவிட்டுப் போங்கள். மற்ற நாள்களில் உணவங்காடி நிலையங்களிலுள்ள சீனச் சைவக் கடைகளில் சோறும் காய்கறியும் கிடைக்கும். முட்டை சேர்ப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் பேசும் நேரத்தையும் மாற்றுங்கள். இங்கு 11.30 என்றால் தஞ்சாவூரில் 9 மணி. அவர் வேலை முடித்து ஓய்ந்து உட்காரும் நேரம் உங்களுக்கு உடலும் மனமும் களைத்துப்போன நேரமாக இருக்கிறது. இரவு 8.30க்கு நீங்களே அழையுங்கள். அங்கே விளக்கு வைக்கும் ஆறு மணியாக இருக்கும். சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றே சொல்லுங்கள். அவர் கவலைப்படுவார்தான், ஆனாலும் உண்மையைச் சொல்ல ஒருவர் இருப்பது உங்களுக்கு இப்போது தேவை. அழுகை ஓயாமல் நீடித்தால் பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரைச் சென்று பாருங்கள். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் 1767 என்ற எண்ணில் 24 மணிநேரமும் பேசுவதற்கு ஆள் இருப்பார்கள்.

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் சேரவிருக்கிறான். பகுதிநேர வேலை பார்த்தே வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் சமாளித்துவிடலாம் என்கிறார் இங்குள்ள முகவர். நம்பலாமா? – ஒரு தாய், கும்பகோணம்

பதில்: நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். 16 மணிநேர அனுமதி, மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்களுக்கு மட்டுமே உரியது. பட்டியலில் இல்லாத தனியார் கல்லூரியில் படிப்பவர் விடுமுறையில்கூட வேலை செய்ய முடியாது. மீறினால் மாணவர் அனுமதி அட்டையே பறிபோகக்கூடும். அமைச்சின் இணையத்தளத்தில் கல்லூரியின் பெயரை மகனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் இல்லையென்றால், படிப்புக் காலம் முழுவதற்குமான செலவு உங்கள் கையில் இருந்தால் மட்டுமே அனுப்புங்கள்.

கேள்வி: மகள் திருமணமாகிச் சென்றுவிட்டதால் எங்கள் நாலறை வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வரும் பெண்ணுக்குக் கொடுக்க விரும்புகிறோம். எண்ணெய்ப் பிசுக்குக்குப் பயந்து சமையலறையைத் தர என் மனைவி தயங்குகிறார். இரவில் தாமதமாக வந்தால் எங்கே போனாய் என்று கேட்கலாமா? – வீட்டு உரிமையாளர், ஈசூன்

பதில்: முதலில், அவருடைய மாணவர் அனுமதி அட்டையின் அசலையும் கடப்பிதழையும் ஒப்பிட்டுப் பார்த்து, அனுமதி செல்லத்தக்கதா என்று உறுதிப்படுத்திக்கொள்வது உங்கள் சட்டக் கடமை. ஒரே ஊர்க்காரர் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மனைவியின் தயக்கம் நியாயமானது. அடுப்பைத் துடைப்பவர் அவர்தானே. பொரிப்பது மட்டும் வேண்டாம், சன்னலைத் திறந்துவைத்துத் தாளிக்கலாம், சமைத்தவுடன் மேடையைத் துடைத்துவிட வேண்டும் என்று மூன்றே நிபந்தனைகளை முதல் நாளே சொல்லிவிட்டால் போதும். முறைத்துக்கொண்டு அனுமதிப்பதைவிடத் தெளிவாக மறுப்பது நல்லது என்றாலும், மறுத்துவிடாதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். மேலேயுள்ள முதல் கடிதத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

எங்கே போனாய் என்று கேட்பது வேறு, தாமதமானால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடு அம்மா என்பது வேறு. தேர்வுக் காலத்தில் நூலகத்திலிருந்து நள்ளிரவில் திரும்பும் பெண்ணிடம் முதல் வகைக் கேள்வியைக் கேட்டால், அவர் உங்கள் வீட்டை விடுதியாகவே கருதத் தொடங்கிவிடுவார். இரண்டாவதைச் சொன்னால் ஓரிரு வாரத்தில் தாமாகவே சொல்லிவிட்டுப் போவார். தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறை, பொங்கலுக்கு இல்லை. பொங்கலன்று அவர் வகுப்புக்குப் போய்த் திரும்பும்போது உங்கள் வீட்டுப் பொங்கலில் ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்திருக்கச் சொல்லுங்கள்.