காணாமல் போகாத பத்து ரூபாய்

அன்புள்ள ஐயா,

போன வாரம் காரைக்குடியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து பட்டாலைக் கூடத்தில் ஐந்தாறு பேர் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேராண்டி ஒரு கணக்குச் சொன்னான். மூன்று பேர் லாட்ஜில் அறை எடுக்கிறார்கள். ஆளுக்கு 100 வீதம் 300 ரூபாய் கொடுக்கிறார்கள். வாடகை 250தான் என்று பிறகு தெரிந்து, மேனேஜர் 50 ரூபாயை ரூம் பையனிடம் கொடுத்தனுப்புகிறார். பையன் 20 ரூபாயைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆளுக்குப் பத்து வீதம் 30 மட்டும் திருப்பித் தருகிறான். ஆக ஒருவருக்குச் செலவு 90. மூவருக்கும் 270. பையனிடம் 20. மொத்தம் 290. மீதி 10 ரூபாய் எங்கே?

நான் முப்பது வருஷம் இரும்புக்கடை நடத்தியவன். பக்கத்தில் இருந்த என் மைத்துனர் பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் முழித்தோம். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்துப் பேரேடு எழுதிய குடும்பங்கள் எங்களுடையவை. கணக்கு எங்கள் ரத்தத்திலேயே ஊறியது என்பார்கள். சின்னப் பையன் கேட்ட கணக்கில் எப்படி இப்படி விழுந்தோம்?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பத்து ரூபாயைப் பார்த்துவிடுவோம். அது தொலையவே இல்லை. மூவர் கையை விட்டுப் போனது 270. அதில் 250 லாட்ஜ் கல்லாவில், 20 பையனின் சட்டைப்பையில். அந்த 20 ஏற்கெனவே 270க்குள் இருக்கிறது. அதை மறுபடி 270ஓடு கூட்டினால் ஒரே செலவை இரண்டு தடவை எழுதுகிறோம். 300 வரவேண்டும் என்றால் கூட்டவேண்டியது, அவர்கள் கைக்குத் திரும்பி வந்த 30ஐ.

சரி, விடை தெரிந்த பிறகும் உள்ளே ஓர் அரிப்பு இருக்கும். எனக்கு இருந்தது. எண்களை மாற்றிப் பார்த்தபிறகுதான் அது போயிற்று. வாடகை 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் கைக்கு 150 வருகிறது. 30ஐ அமுக்கிக்கொண்டு ஆளுக்கு 40 திருப்பித் தருகிறான். ஒருவருக்குச் செலவு 60, மூவருக்கும் 180. பையனிடம் 30. மொத்தம் 210. இப்போது “மீதி 90 எங்கே?” என்று பட்டாலையில் கேட்டுப் பாருங்கள். “என்னப்பா, எதை எதோடு கூட்டுகிறாய்?” என்று உங்களைத்தான் திருப்பிக் கேட்பார்கள். இரண்டிலும் கூட்டல் ஒன்றுதான், தப்பும் ஒன்றுதான். ஆனால் 290 என்பது 300க்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. கொஞ்சம்தான் குறைகிறது, தேடினால் கிடைத்துவிடும் என்று தோன்றிவிடுகிறது. அதோடு “எங்கே?” என்ற சொல். அது காதில் விழுந்ததுமே ஏதோ தொலைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, பாயைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். புதிரை உண்டாக்கியவர், யாரோ தெரியவில்லை, கெட்டிக்காரர்.

அமெரிக்காவில் ஷேன் ஃபிரெடரிக் என்ற ஆய்வாளர் 2005இல் மூன்றே கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார். அதில் ஒன்று மட்டையும் பந்தும் பற்றியது. நம் ஊர்ச் சரக்கில் சொல்கிறேன். ஒரு கண்டாங்கிச் சேலையும் ரவிக்கைத் துணியும் சேர்த்து 1,100 ரூபாய். சேலை, துணியைவிட 1,000 ரூபாய் அதிகம். துணி என்ன விலை?

உங்களுக்கு 100 என்று வந்திருக்கும். எனக்கும் அதுதான் வந்தது. துணி 100 என்றால் சேலை 1,100. இரண்டும் சேர்ந்தால் 1,200 ஆகிவிடுகிறதே! துணி 50, சேலை 1,050. ஃபிரெடரிக் 3,428 பேரின் விடைகளைத் தொகுத்தார். மூன்று கேள்விகளுக்கும் சரியாகச் சொன்னவர்கள் 17 சதவீதம். ஒன்றுக்குக்கூடச் சரியாகச் சொல்லாதவர்கள் 33 சதவீதம். எம்.ஐ.டி. மாணவர்களிலேயே (குரோம்பேட்டை இல்லை, அமெரிக்காவில் இருப்பது) மூன்றையும் போட்டவர்கள் 48 சதவீதம்தான். உங்கள் மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடங்கள் வேறு. மட்டை-பந்துக் கணக்கை எத்தனை பேர் சரியாகப் போடுவார்கள் என்று அவர்களையே ஊகிக்கச் சொன்னார். தப்பாகப் போட்டவர்கள், 92 சதவீதம் பேர் சரியாகப் போடுவார்கள் என்றார்கள். சரியாகப் போட்டவர்கள் 62 என்றார்கள். கணக்கு சுலபம் என்று நினைத்ததெல்லாம் விழுந்தவர்கள்தான்! இன்னொன்று, இதே கணக்கை வேறு பொருள்களை வைத்து, சேர்த்து 37 சென்ட், ஒன்று மற்றதைவிட 13 சென்ட் அதிகம் என்று கேட்டபோது நிறையப் பேர் சரியாகச் சொன்னார்கள். 37இல் 13 போக எவ்வளவு என்பது நாக்கு நுனியில் இல்லை. யோசிக்கவேண்டி வருகிறது, யோசித்ததும் சரியாகிவிடுகிறது. உங்கள் லாட்ஜ் கணக்கில் 150 வாடகை செய்ததும் இதே வேலையைத்தான். வழுவழுப்பான எண்களில்தான் வழுக்குகிறோம்.

மாட்டுக் கணக்கு ஒன்று உண்டு. 1967இல் மேயர், பர்க் என்ற இரு உளவியலாளர்கள் குதிரையை வைத்து இதைக் கேட்டார்கள். ஒருவர் 60 ஆயிரத்துக்கு மாடு வாங்கி 70 ஆயிரத்துக்கு விற்கிறார். அதே மாட்டை 80 ஆயிரத்துக்குத் திரும்ப வாங்கி 90 ஆயிரத்துக்கு விற்கிறார். என்ன லாபம்? நான் கேட்டவர்களில் பலர் பத்தாயிரம் என்றார்கள். ஒருவர் லாபமே இல்லை என்று அடித்துப் பேசினார். விற்ற மாட்டையே பத்தாயிரம் கூடக் கொடுத்து வாங்கினானே என்ற வயிற்றெரிச்சலை அவர்கள் நஷ்டமாக எழுதிவிடுகிறார்கள். முதலில் செவலை மாடு, அடுத்தது மயிலை மாடு என்று மாற்றிச் சொன்னால் யாரும் தடுமாறுவதில்லை. இருபதாயிரம் என்று உடனே வருகிறது.

இப்போது உங்கள் ரத்தத்துக்கு வருகிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடல் கடந்து வட்டிக்கடைக்குப் போன பெட்டியடிப் பையன் (கடையில் எடுபிடியாகத் தொழில் பழகுகிறவன்), ரத்தத்தை நம்பிக் கப்பல் ஏறவில்லை. முந்திரி, காணி, மா என்று பழைய பின்னக் கணக்கைச் சின்ன வயதிலேயே வாயால் ஓதி உருப்போட்ட பிள்ளை அவன். ஒரு முந்திரி என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. அதை மனத்தில் பெருக்கத் தெரிந்தவனும்கூட, கடையில் மனக்கணக்கோடு விட்டுவிடவில்லை. நடந்ததை எழுதி, பேரேட்டில் அவரவர் பெயரில் பற்றும் வரவும் ஏற்றி, கடைசியில் ஐந்தொகை (இரண்டு பக்கமும் சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் இருப்புக் கணக்கு) போட்டுப் பார்த்தார்கள். பேரேட்டில் கதை சொல்ல முடியாது. 20 ரூபாயா, யார் பற்று, யார் வரவு என்றுதான் அது கேட்கும். உங்கள் லாட்ஜ் விவகாரத்தை ஏற்றியிருந்தால், மூவர் கொடுத்தது 270. லாட்ஜுக்கு 250, பையனுக்கு 20. இரண்டு வரி. மைத்துனர் தன் மேஜையில் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார். நிறைந்த வயிற்றோடு, நாலு பேர் நடுவில், வாயால் சொன்னதைக் காதால் வாங்கினார். அங்கே எழுத என்ன இருந்தது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், கடன் பாக்கி வேண்டாம். காரைக்குடியில் சின்னதாக அச்சகம் வைத்திருந்த காலத்தில், காகிதம் வாங்க அவசரமாகத் தண்டல் எடுத்தேன். பத்தாயிரம் கடன். ஆயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தந்தார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். பத்துக்கு ஒன்று, பத்து சதவீதம், பரவாயில்லை என்று நினைத்தேன். லாட்ஜ் கணக்கைப் போலவே எண்கள் வழுவழுப்பாக இருந்தன. கையில் வந்தது ஒன்பதாயிரம் என்பதால் அது பதினொன்றுக்கு மேல். அதுகூடப் பெரிதில்லை. நூறு நாளும் என்னிடம் ஒன்பதாயிரம் இருக்கவில்லை. தினம் நூறாகக் கரைந்துகொண்டே போனது. சராசரியாக என் கையில் இருந்தது அதில் பாதிதான். அந்தப் பாதிக்கு, மூன்று மாதச் சொச்சத்துக்கு, ஆயிரம் வட்டி. வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தால் 75 சதவீதத்தைத் தாண்டும். இதையெல்லாம் நான் போட்டுப் பார்த்தது இரண்டாவது தண்டலும் எடுத்து முடித்த பிறகு. அச்சகத்தில் காகிதத்துக்கும் பென்சிலுக்கும் குறைவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பேராண்டிக்கு என் அன்பு. அவனிடம் சேலைக் கணக்கைக் கேளுங்கள். சட்டென்று “நூறு” என்றால் விட்டுவிடுங்கள், வயசு இருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு தாள் கேட்டான் என்றால், எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.